கடன் வாங்கிய மலை

செடி வளர்ப்பதைப் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது பத்திக்குள் ‘பொறுமை’ வந்துவிடுகிறது. விதை போட்டேன், காத்திருந்தேன், துளிர்த்தது, வாழ்க்கையும் இப்படித்தான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்த பிறகு இந்த வகை எழுத்து இன்னும் பெருகிப்போனது. மோன்ஸ்தெரா வாங்கியவர்களும் எழுதினார்கள், பால்கனியில் மிளகாய் போட்டவர்களும் எழுதினார்கள். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் ‘மீள்திறன்’ என்று ஒரு பட்டறை நடத்தினார்கள். திரையில் வந்த முதல் படமே சிமெண்டுத் தரையின் விரிசலில் முளைத்திருந்த ஒரு செடி. இந்தச் செடி மாதிரி இருங்க என்றார் பேச வந்தவர். அந்த மாதம்தான் எங்கள் பிரிவில் இரவு ஷிப்டுக்கு ஆள் குறைத்திருந்தார்கள்.

படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, சந்தேகம்தான். செடி பொறுமை கற்றுத் தருகிறது என்றால் யாருக்குக் கற்றுத் தருகிறது? கற்றுக்கொண்ட பிறகு அந்தப் பொறுமையை வைத்து அவர் என்ன செய்கிறார்? இதை மனசில் வைத்துக்கொண்டு சில புத்தகங்களைத் திரும்பப் படித்தேன். இரண்டு நம் நாட்டு நாவல்கள், இரண்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஒன்று மட்டும் வெளியிலிருந்து வந்தது. வெளியிலிருந்து வந்ததை முதலில் முடித்துவிடலாம்.

செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக்கை பொறியியல் படித்தவர்களுக்கு ஒரே ஒரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். ‘ரோபோ’ என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தது அவருடைய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் (1920). சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு, பண்ணைக்காரனுக்குக் கொடுத்தே ஆகவேண்டிய உழைப்பு. அதே கரேல் சாப்பெக் 1929இல் தோட்டக்காரனின் ஓர் ஆண்டைப் பற்றி, மாதம் மாதமாக, ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். படங்கள் அண்ணனுடையவை. செடி வளர்ப்பு பற்றி நான் படித்தவற்றில் இதைவிடச் சிரிப்பான புத்தகம் கிடையாது.

இதில் வரும் தோட்டக்காரன் பொறுமைசாலியே இல்லை. ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டி நனைகிறான். இடமே இல்லாத தோட்டத்துக்கு இன்னும் செடி வாங்கி வந்து, கையில் வைத்துக்கொண்டு எங்கே நடுவது என்று சுற்றிச் சுற்றி வருகிறான். அவனுக்கு முதுகெலும்பு ஒரு வேண்டாத உறுப்பு. சொர்க்கத்துக்குள் விட்டால் கனியைத் தேடமாட்டான், அங்குள்ள மண்ணில் ஒரு தள்ளுவண்டி நிறைய எப்படிக் கடத்துவது என்று பார்ப்பான். சாப்பெக் கண்டுபிடித்தது இதுதான்: செடி யாருக்கும் பொறுமை கற்றுத் தருவதில்லை. அது தன் பாட்டுக்கு வளர்கிறது. அவசரப்படுகிறவன் அவசரப்பட்டுக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான், அவனால் எதுவும் செய்ய முடியாது. இந்தக் கையாலாகாத நிலைக்குத்தான் பிறகு நாம் ‘பொறுமை’ என்று மரியாதையாகப் பெயர் வைத்துவிடுகிறோம்.

ஆனாலும் அந்தப் புத்தகம் முடியும்போது குரல் மாறுகிறது. தோட்டக்காரன் எதிர்காலத்தில் வாழ்கிறவன், நல்லது எல்லாம் இனிமேல்தான் வரும் என்று நம்புகிறவன் என்கிறார் சாப்பெக். அவர் 1938 டிசம்பரில், நாற்பத்தெட்டு வயதில், நாடு துண்டாடப்பட்டுக்கொண்டிருந்தபோது செத்துப்போனார். படம் வரைந்த அண்ணன் 1945இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் இறந்தார். இது தெரிந்த பிறகு அந்தக் கடைசிப் பக்கங்களைச் சிரித்துக்கொண்டே படிக்க முடியவில்லை. சாப்பெக்கிடம் இருந்த நம்பிக்கைக்குக் கீழே ஒரு சாதாரண உண்மை இருக்கிறது. அவருக்குப் பிராகாவில் சொந்த வீடு இருந்தது. தோட்டம் அந்த வீட்டுடையது. அடுத்த வருடம் ரோஜா எப்படி இருக்கும் என்று யோசிக்க, அடுத்த வருடமும் அதே மண்ணில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். நாஜிகள் வந்து பிடுங்கும்வரை அந்த உறுதி அந்தக் குடும்பத்திடம் இருந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வரலாம்.

‘நீங்க எந்தத் தோட்டம்?’ இந்தக் கேள்வியை மலேசியத் தமிழர் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. நம் பேச்சில் தோட்டம் என்றால் பூந்தோட்டம் கிடையாது, எஸ்டேட். லயம், பெரட்டு, கங்காணி, கிராணி, மங்கு, காண்டா வாளி எல்லாம் சேர்ந்து வருகிற தோட்டம். வீட்டு முன்னால் நாலு செம்பருத்தி வைத்திருந்தால் அதற்கு ‘வாசல்ல செடி வச்சிருக்கோம்’ என்றுதான் சொல்வோம். தோட்டம் என்ற சொல்லை முதலாளி எடுத்துக்கொண்டுவிட்டான். அழகுக்கு வளர்க்கும் இடத்துக்கும் கூலிக்கு உழைக்கும் இடத்துக்கும் ஒரே சொல் இருப்பது தற்செயல்தான் என்று நான் நினைத்திருந்தேன், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் வரலாற்றைப் படிக்கும்வரை.

1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்தார்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் தோட்ட இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுப்பது எப்படி என்று பல வருடம் பரிசோதனை செய்தார். ஒரே வெட்டை, ஒருநாள் விட்டு ஒருநாள், அதே விளிம்பில் மெல்லியதாகச் சீவித் திறப்பது அவர் முறை. காப்பி நட்டிருந்த துரைமார்களிடம் போய் ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று நச்சரித்ததால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றார்களாம். பிறகு கார் டயர் வந்தது, ரிட்லி ஞானியானார். நூறு வயதுவரை வாழ்ந்து 1956இல் இறந்தார். அந்தத் தாவரவியல் தோட்டம் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பாய் விரித்து உட்காரும் பூந்தோட்டம்தான் நம்ம தாத்தா பாட்டிகளின் தோட்டத்துக்குத் தாய்.

அப்படியானால் பொறுமையும் அங்கிருந்துதான் பங்கு பிரிந்திருக்க வேண்டும். ரப்பர் கன்று வெட்டுக்கு வர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும். அத்தனை வருடம் பணத்தை மண்ணில் போட்டுவிட்டு லண்டனில் காத்திருப்பதும் பொறுமைதான், அதற்குப் பங்கு லாபம் உண்டு. வெட்டுக்காரரின் பொறுமை வேறு வகை. இருட்டு பிரியும் முன்னே நிரையில் இறங்கவேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் வரத்து குறையும். பட்டையை ஆழமாக வெட்டினால் உள்ளே வளரும் படலம் காயப்பட்டு அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும், பிறகு அங்கே கத்தி ஓடாது. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது, கிராணி ஏசுவார். இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர். இதை நூற்றுக்கணக்கான மரத்தில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் செய்யவேண்டும். மழை வந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. என் பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் இதைச் செய்தவர். மரம் பொறுமை கற்றுக் கொடுத்ததா என்று ஒருநாள் கேட்டேன். ‘மரம் எங்க சாமி கத்துக் குடுத்திச்சி, கங்காணிதான் கத்துக் குடுத்தான்’ என்றார். பட்டறை நடத்தியவருக்கு இதை அனுப்பிவைக்க வேண்டும்.

இந்தப் பின்னணியோடு தான் துவான் எங்கின் ‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ நாவலுக்குப் போனால் என்ன ஆகிறது? 2012இல் வெளிவந்த நாவல். அந்த வருட புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது, மேன் ஆசிய இலக்கியப் பரிசு பெற்றது, 2019இல் படமாகவும் வந்தது. பினாங்கில் பிறந்த எழுத்தாளர், நம் மலையில் நடக்கும் கதை. தோட்டத்தைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்ட பெரிய நாவல் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. யுன் லிங் ஜப்பானியர் காலத்தில் முகாமில் அடைபட்டுத் தப்பிப் பிழைத்தவள். இரண்டு விரல்களை இழந்தவள். அக்கா யுன் ஹாங் முகாமிலேயே போய்விட்டாள். ஜப்பானியத் தோட்டங்களின் மேல் பைத்தியமாக இருந்த அக்காவுக்கு நினைவாக ஒரு தோட்டம் அமைக்க வேண்டும் என்று 1951இல் கேமரன் மலைக்கு வருகிறாள். அங்கே ஜப்பானியப் பேரரசரின் தோட்டக்காரராக இருந்த அரிதோமோ, ‘யூகிரி’ என்ற தோட்டத்தை அமைத்துக்கொண்டிருக்கிறார். அமைத்துத் தரமாட்டேன், வேண்டுமானால் மழைக்காலம் வரும்வரை என்னிடம் வேலை செய்து கற்றுக்கொள் என்கிறார். அவசரகாலம் நடந்துகொண்டிருக்கிறது, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். பல வருடம் கழித்து, நீதிபதியாக ஓய்வு பெற்ற யுன் லிங், மொழியையே இழக்கப்போகும் ஒரு மூளை நோயோடு அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்து இதையெல்லாம் எழுதுகிறாள்.

பலர் இதை ‘ஆறுதல் தரும் நாவல்’ என்கிறார்கள். தோட்டம் அவள் காயத்தை ஆற்றியதாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அவள் அங்கே முதலில் கற்றுக்கொள்வது கல் தூக்க. கல்லை எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு புதைத்து வைப்பது என்று கற்றுக்கொள்கிறாள். அரிதோமோவின் கலை முழுக்கக் கட்டுப்பாடு. பாதையில் நடக்கிறவனின் கண் எங்கே போகவேண்டும், எதைப் பார்க்கக்கூடாது, எப்போது திடீரென்று பார்க்கவேண்டும் என்பதை எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கிற கலை. முகாமில் தன் உடம்பின் மேல் எந்த அதிகாரமும் இல்லாமல் இருந்த ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய இழுப்பு என்று யோசித்துப் பாருங்கள். அதே நேரம், இந்தக் கலையைக் கற்றுத் தருகிறவன் அவளை அழித்த பேரரசின் ஆள். நாவலின் உண்மையான பதற்றம் இங்கேதான் இருக்கிறது. பொறுமை என்ற சொல்லால் அதை மூடினால் நாவலைப் பாதி விலைக்கு விற்கிறோம்.

கொஞ்சம் என் துறைக்குப் போய்விட்டு வருகிறேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் செமஸ்டரில் ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் வளைவு என்று ஒன்று வரையச் சொல்வார்கள். ஒரு பொருளை இழுக்க இழுக்க அது எவ்வளவு நீள்கிறது என்ற கோடு. ஓர் எல்லைவரை இழுத்து விட்டால் பழைய அளவுக்கே திரும்பும். அந்த எல்லைக்குள் அது உள்வாங்கித் திருப்பித் தரும் ஆற்றலுக்குப் பெயர்தான் ரெசிலியன்ஸ், மீள்திறன். எல்லையைத் தாண்டினால் பொருள் திரும்பாது, உருமாறிவிடும். ஆனால் உடனே முறிந்தும் விடாது. முறிகிறவரை அது வாங்கிக்கொள்ளும் மொத்த ஆற்றலுக்கு வேறு பெயர்: டஃப்னெஸ், தாங்குதிறன் என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மனிதர் விஷயத்தில் மீள்வது என்பதே அபூர்வம். பெரும்பாலும் உருமாறித் தாங்குகிறோம். மரமும் அப்படித்தான். வெட்டுப்பட்ட மரம் காயத்தை ஆற்றிப் பழைய கட்டைக்குத் திரும்புவதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளேயே பூட்டிவிட்டு, அதன்மேல் புதிய கட்டையை வளர்க்கிறது. அறுத்துப் பார்த்தால் பழைய காயம் அப்படியே இருக்கும். யுன் லிங்கும் மீளவில்லை, தாங்குகிறாள். தான் துவான் எங் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்பதுதான் இந்த நாவலின் மேல் எனக்குள்ள மரியாதை.

மரியாதை இருக்கட்டும், ஒரு வழக்கும் இருக்கிறது.

ஜப்பானியத் தோட்டக் கலையில் ‘ஷக்கேய்’ என்று ஓர் உத்தி. கடன் வாங்கிய காட்சி என்று பொருள். தோட்டத்துக்கு வெளியே தூரத்தில் இருக்கும் மலையை, மேகத்தை, மரக் கூட்டத்தைத் தோட்டத்தின் பகுதியாகவே தெரியும்படி உள்ளே இழுத்துக்கொள்வது. வேலியை மறைத்துவிட்டால் போதும், மலை உன்னுடையது. அரிதோமோ இதில் கைதேர்ந்தவர். கேமரனின் மலைகளை யூகிரிக்குள் கொண்டுவந்துவிடுகிறார். நாவல் இந்த உத்தியை அழகாக விளக்குகிறது. படிக்கும்போதே தெரியும், இது தோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, நினைவைப் பற்றியும் சொல்கிறது என்று.

யூகிரிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? மஜூபா தேயிலைத் தோட்டம். தென்னாப்பிரிக்கரான மேக்னஸ் நடத்துவது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் 1929 வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டன, கொழுந்து பறித்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். நாவலிலும் அவர்கள் இருக்கிறார்கள். சரிவில் கூடையோடு நிற்கிறார்கள், வண்ணச் சேலை தெரிகிறது, வந்து போகிறார்கள். மேக்னஸுக்கு ஒரு போர் உண்டு, ஒரு கடந்தகாலம் உண்டு. அரிதோமோவுக்கு உண்டு. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக்கூட ஒரு காரணம் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நிறம் மட்டும்தான். அவர்கள் இந்த நாவலின் ஷக்கேய். பச்சைச் சரிவுக்கு அழகு சேர்க்கக் கடன் வாங்கப்பட்டவர்கள்.

இதைச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ‘எல்லா நாவலிலும் நம்ம ஆள் இருக்கணும்னு என்ன சட்டமா?’ சட்டம் இல்லை. யுன் லிங் வசதியான சீனக் குடும்பத்துப் பெண், அவள் கண்ணில் பட்டதைத்தான் அவள் எழுதுவாள், அது பாத்திரத்துக்கு நேர்மை. கோட்டா கேட்டு நான் இதை எழுதவில்லை. என் வழக்கு நாவல் தனக்கே வைத்துக்கொண்ட அளவுகோலை வைத்துத்தான். வேலி எங்கே மறைக்கப்படுகிறது, யார் பார்வை எங்கே திருப்பப்படுகிறது என்று இவ்வளவு நுட்பமாகக் கேட்கும் நாவல், தன் வேலியை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டது. முகாமில் கட்டாய உழைப்பின் கொடுமையைப் பக்கம் பக்கமாக எழுதுகிற கை, எதிர்ச் சரிவில் நடக்கும் உழைப்பைக் காட்சியாக வைத்துவிட்டு நகர்கிறது. ஒரு பத்தி போதும். யுன் லிங் ஒரே ஒருமுறை நின்று, அந்தப் பெண்களும் சயாம் ரயில் பாதைக்குப் புருஷனையோ தம்பியையோ கொடுத்துவிட்டு வந்தவர்களாக இருக்கலாமே என்று யோசித்திருக்கலாம். ரயில் போட மலாயாவின் தோட்டங்களிலிருந்துதான் ஆயிரக்கணக்கில் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இரண்டும் அவர்களைப் பற்றியவை. இரு தரப்புக்கும் ஒரே எதிரி, பக்கத்துப் பக்கத்துச் சரிவு. இவ்வளவு கிட்ட வந்தும் அந்தப் பெரிய நாவல் எட்டிப் பார்க்கவில்லை.

கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ (1981) இதற்கு எதிர்ச் சரிவில் நிற்கும் நாவல். கெடா, பீடோங் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மணியம் 2020இல் காலமானார். ஆங்கிலத்தில் எழுதியதால் தமிழ் வாசகர்கள் இவரைக் கொஞ்சம் தள்ளியே வைத்தார்கள். அது வாசகர்களுக்குத்தான் நட்டம். இந்த நாவலைத் தோட்ட நாவலாக யாரும் பேசுவதில்லை, ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு தமிழ்ப் பையனின் வளர்ச்சிக் கதையாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு இது மண் கிடைக்காதவர்கள் செடி வைத்த கதை.

ரவியின் பாட்டி பெரியதாயி இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவர். பலகாரம் விற்று, வீடு கட்டி, அந்த இடத்தைத் தன் இடமாக்கப் பார்க்கிறார். சாமி வைத்துக் கும்பிட்டால், இத்தனை வருடம் உழைத்தால், மண் நம்மை ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை. காகிதத்தில் அந்த மண் அவருடையது இல்லை. இறக்கும்வரை அது அவருடையதாக ஆகவும் இல்லை. அந்தக் கனவு மகன் நைனாவிடம் வந்து சேர்கிறது. நாவலின் கடைசிப் பகுதியில் நைனா ஆற்றோரம் காட்டைத் திருத்தி, வீடு கட்டி, பயிர் வைக்கிறார். அதிகாரிகள் வருகிறார்கள். உனக்கு இங்கே உரிமை இல்லை என்கிறார்கள். நைனா விடுவதாக இல்லை. அவர் பேச்சு மெல்ல மெல்ல நமக்குப் புரியாததாகிறது. பல மொழிகள் கலந்து, மண்ணோடு பேசுவதற்கென்றே ஒரு பாஷை உண்டாக்கிக்கொள்கிறார். சடங்கு செய்கிறார். கடைசியில் அந்த வீட்டோடு எரிந்துபோகிறார்.

செடி வளர்த்தால் பொறுமை வரும், மனம் அமைதியாகும் என்ற பாட்டுக்கு இந்தப் பக்கங்களைவிடக் கடுமையான பதில் நான் படித்ததில்லை. நைனாவுக்குப் பொறுமை இல்லையா? அவரைவிடப் பொறுமை யாருக்கு இருந்தது? இரண்டு தலைமுறைப் பொறுமை. பட்டா இல்லாத மண்ணில் போட்டதால் அந்தப் பொறுமை முற்றி வெறியாகிவிட்டது. அரிதோமோவும் மண்ணோடு பேசுகிறவர்தான், அவரும் விசித்திரமானவர்தான், அவரும் கடைசியில் காட்டுக்குள் போய் மறைந்துவிடுகிறார். ஆனால் அவருடையதற்குக் கலை என்று பெயர், நைனாவுடையதற்குப் பைத்தியம் என்று பெயர். இருவருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை நில அலுவலகத்தில்தான் போய்த் தேடவேண்டும்.

மணியம் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. இதையெல்லாம் ரவியின் வாயால் சொல்லவைத்தது. ரவி இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய வாத்தியார். அப்பாவைப் பார்த்தால் அவனுக்குச் சங்கடம், கொஞ்சம் அருவருப்பும்கூட. அப்பாவோடு சேர்ந்து மண்வெட்டி பிடிக்கமாட்டான். குரல் வறண்டு கிடக்கிறது. உணர்ச்சி பொங்கும் இடத்திலும் அறிக்கை மாதிரி எழுதுகிறான். முதல் வாசிப்பில் இது எனக்குக் குறையாகப் பட்டது. இப்போது அப்படி இல்லை. படித்து மேலே வந்து, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, லயத்துக் கதையைக் கேட்டால் லேசாக நெளிகிற நம் தலைமுறையின் குரல் அது. நானும் அந்த ரகம்தான். மணியம் நம்மைத் திட்டவில்லை, அப்படியே பதிவு செய்துவிட்டார். மொழிநடையில் தான் துவான் எங் பல படி மேலே. ஒரு மழையை அவர் எழுதினால் நாம் நனைகிறோம். மணியத்தின் வாக்கியங்கள் பல இடத்தில் முரடு. ஆனாலும் இரண்டையும் படித்து வைத்த பிறகு நைனாதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்போ செடி எதையுமே கற்றுத் தரவில்லையா என்று கேட்கலாம். தருகிறது. பட்டறையில் சொல்வதைத் தருவதில்லை, அவ்வளவுதான். தோட்டம் கைமாறி லயம் உடைக்கப்பட்ட பிறகு பாட்டி குடும்பத்தோடு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தார். நாலாவது மாடி. காரிடாரில் பெயிண்ட் டின்களில் கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, ஒரு எலுமிச்சை. தீயணைப்புப் பாதை, எல்லாவற்றையும் எடுக்கவேண்டும் என்று நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பாட்டி சண்டை போடவில்லை, பொறுத்துக்கொள்ளவும் இல்லை. கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக் கன்று விடும். அதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கீழ்த்தளத்து மலாய்க்கார அக்கா வீட்டு முன்னால் ஒன்று, கோயில் சுவரோரம் ஒன்று, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஒன்று என்று மூன்று நாலு இடத்தில் வைத்துவிட்டார். கற்பூரவல்லியைக் கிளை ஒடித்துக் கொடுத்தார், அதற்குக் குச்சி போதும். டின்களை அள்ளிக்கொண்டு போன அன்று அவர் முகத்தில் பெரிய வருத்தம் இல்லை. எங்கள் துறையில் இதற்கு ரிடன்டன்சி என்று பெயர். ஓர் இடத்தில் அடி விழுந்தால் இன்னொரு இடத்திலிருந்து ஓடும்படி முன்கூட்டியே நகல் வைப்பது. ஓர் அமைப்பு எதனால் தாங்குகிறது என்று கேட்டால் ஒரு பொறியாளர் முதலில் சொல்வது இதைத்தான். ‘உள்மன உறுதி’ பட்டியலிலேயே வராது.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாவல்களுக்குத் திரும்பினால் சில விஷயங்கள் புதிதாகத் தெரிகின்றன. முகாமில் அக்காவும் தங்கையும் செய்ததும் இதுதான். கியோட்டோவில் பார்த்த தோட்டங்களை வைத்து மனசுக்குள் ஒரு தோட்டத்தைக் கட்டினார்கள். யாரும் நோட்டீஸ் கொடுத்து எடுக்க முடியாத தோட்டம். அக்கா போனபின் நகல் தங்கையிடம் இருந்தது. அரிதோமோ யுன் லிங்கின் முதுகு முழுக்கப் பச்சை குத்துவதும் ஒரு நகல்தான். பலருக்கு அந்தப் பகுதி மிகைநாடகமாகப் படுகிறது. தங்கப் புதையல் மர்மத்தை அதில் இழுத்து முடிச்சுப் போட்டதில் எனக்கும் சம்மதம் இல்லை, அது வேறொரு நாவலின் சாமான். ஆனால் தோட்டக்காரன் தன் தோட்டத்தை இன்னோர் உடம்பில் நட்டுவைக்கிறான் என்ற அளவில் அந்தக் காட்சி நிற்கிறது. மொழி போய்க்கொண்டிருக்கும்போது யுன் லிங் விழுந்து விழுந்து எழுதுவதும் அதே வேலை. நைனாவுக்கு நகல் கிடையாது. எல்லாம் அந்த ஒரே வீட்டில், அந்த ஒரே துண்டு நிலத்தில். எரிந்ததும் முடிந்தது. மிஞ்சியது, அவர் படிக்காத மொழியில், அவரை முழுசாகப் புரிந்துகொள்ளாத மகன் எழுதிய கதை மட்டும்.

நம் தமிழ் நாவல்கள் இந்த இடத்தில் என்ன செய்திருக்கின்றன என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். அகிலன் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’யில் இருந்து சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’வரை பால்மரம் நமக்கு நிறைய எழுதித் தந்திருக்கிறது. மண்ணைக் கிளறிப் பதமாக்கிவிட்டு மண்ணுக்குள்ளேயே காணாமல் போகும் பிராணியைத் தலைப்பாக்கியதிலேயே முத்துசாமி பாதி சொல்லிவிடுகிறார். நான் தேடுவது இன்னொரு சின்ன விஷயம்: லயத்து வாசலில் ரெண்டு அடி இடத்தில் அவர்கள் தமக்கென்று வைத்த செடி. மிளகாய், கத்தரி, சாமிக்குச் செம்பருத்தி. வேலை மரமும் வீட்டுச் செடியும் ஒரே கையில் இருக்கும்போது அந்தக் கை இரண்டையும் எப்படி வேறு வேறாகத் தொட்டது? இதை மையமாக வைத்து ஒரு நாவல் வந்தால் தான் துவான் எங்குக்கு நாம் அனுப்பும் சரியான பதிலாக அது இருக்கும்.

அதுவரை, ‘ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அதை முடித்த கையோடு ‘தி ரிட்டர்ன்’ கடைசி ஐம்பது பக்கத்தைப் படியுங்கள். பிறகு யூகிரியின் வாசல் வரும் பக்கங்களுக்குத் திரும்பிப் போய், மஜூபா சரிவிலிருந்து அந்தத் தோட்டம் எப்படித் தெரிந்திருக்கும் என்று பாருங்கள். முதுகில் கூடை, இரண்டு இலையும் ஒரு மொட்டும், எடை போடும் நேரத்துக்குள் கூடை நிறையவேண்டும். அங்கே நிற்கும் பெண் நிமிர்ந்தால் மலைக்கு நடுவே யாரோ ஒரு சப்பான்காரர் குளம் வெட்டிக்கொண்டிருப்பது தெரியும்.